பனியின் மேல் போட்ட பழி

கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ரூட்டர் பேனலைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேலாளர் கேட்டார். பேனலை எப்படி இயக்குவது என்பதற்கு அதனுடனேயே ஒரு புத்தகம் வந்திருக்கிறது. படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொள்ளுங்கள், அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. எனக்கு எழுதத் தோன்றுவது வேறு. இருபத்திரண்டு வருடம் ஏற்காட்டில் ஒரு உள்ளூர் சேனலின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த நாற்காலியில் இருந்து செய்த நல்ல காரியங்கள் எனக்கே சரியாக நினைவில்லை. ஒரு தவறு மட்டும் காலையில் பல் துலக்கும்போதுகூட வந்து நிற்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். மேலாளருக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடட்டும்.

பேனல் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துப் பொத்தான்கள் படம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு. மறுபக்கத்துப் பொத்தான்கள் அது எங்கே போக வேண்டும் என்பதற்கு. இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றை அழுத்தினால் படம் போய்ச் சேர்ந்துவிடும். சரியான பொத்தானை அழுத்தினால் எத்தனை வேகத்தில் போகுமோ, தப்பான பொத்தானை அழுத்தினாலும் அதே வேகத்தில் போகும். இது எனக்குப் புரிந்தது ஒரு கோடை விழாவில்.

மலர்க் கண்காட்சித் திடலில் ஒரு மேடை, பக்கத்துத் திடலில் நாய்க் கண்காட்சி. இரண்டு இடத்திலும் எங்கள் கேமரா. பேனல் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை நானேதான் பொருத்தினேன், நானேதான் பொத்தான்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக எண் ஒட்டினேன். சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். நான் ஐந்தை அழுத்துவதாக நினைத்து ஆறை அழுத்திவிட்டேன். ஒலி மேடையில் இருந்து தனியாக வந்துகொண்டிருந்தது. ஆக, "இந்த மலை மக்களுக்காக நான் இரவு பகல் பாராமல் உழைத்துக்கொண்டிருக்கிறேன்" என்ற குரல் மலை முழுக்க ஒலிக்க, திரையில் ஒரு கொழுத்த நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான் வேறு எதையோ சரிசெய்துகொண்டிருந்ததால் கவனிக்க முக்கால் நிமிடம் ஆகிவிட்டது.

அந்த முக்கால் நிமிடத்துக்காக ஊர் எனக்குப் பெயர் வைத்துவிட்டது. பேக்கரியில், பஸ் நிலையத்தில், முடிவெட்டும் கடையில், எங்கே போனாலும் நான் 'நாய் சார்'. சேலம் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "நாய் சாரு, முன்னாடி வாங்க, எடமிருக்குது" என்று கூப்பிட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அது எனக்குத் தாங்கவில்லை. நான் கொஞ்சம் கௌரவம் பார்க்கிற ஆள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இந்தக் கௌரவத்தில்தான் இருக்கிறது.

எங்கள் சேனலில் கம்பி வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் செம்மநத்தத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ஊரில் கொஞ்சம் காப்பித் தோட்டம், கொஞ்சம் சாமை, மற்ற நேரமெல்லாம் எங்கள் கம்பங்களின் மேல். படிப்பு எட்டாவது. நாய் விவகாரம் நடந்த மறுநாள் அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நான் ஒட்டிய எண்களை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, 'ஏரி', 'மேடை', 'நாய்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டார். "நம்பரு மறந்து போகுமுங்க சார். நாய் மறக்குமுங்களா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதன் பிறகு நான் பொத்தான் மாற்றி அழுத்தவே இல்லை.

அதற்கு ஓரிரு வருடம் கழித்துச் சேலம் போகும் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எங்கள் சேனல் ஒரு கேமரா வைத்தது. அந்தப் படத்துக்கென்றே தனியாக ஒரு சேனல் எண். நாள் முழுக்க வெறும் ரோடுதான் ஓடும், ஒலிகூட இருக்காது. வெளியூர்க்காரர்களுக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மலையில் இருந்து இறங்க இரண்டு வழி. ஒன்று நேராகச் சேலத்துக்கு இறங்கும் பாதை. இன்னொன்று குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. மழைக்காலத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் பாதி நாள் போய்விடும். செல்போன் சிக்னல் மழை வந்தால் முதலில் அதுதான் ஓடிப்போகும். அதனால் காலையில் டீ குடிக்கும்போது ஒரு நிமிடம் 'ரோட்டு சேனலை'ப் பார்த்துவிட்டுக் கிளம்புவது எங்கள் ஊரில் பழக்கமாகிவிட்டது. நான் செய்த வேலைகளில் மக்களுக்கு உண்மையிலேயே உபயோகமானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்தக் கேமராவைப் பேனலில் சேர்க்கும்போது நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். இரண்டையும் கவனமாகப் படியுங்கள்.

கேமராவில் இருந்து படம் வருவது நின்றுபோனால் திரையில் என்ன காட்டுவது என்று கருவியில் ஓர் அமைப்பு உண்டு. திரை கறுப்பாகிவிடும்படி வைக்கலாம். அல்லது கடைசியாக வந்த படத்தையே பிடித்து நிறுத்தி வைக்கும்படி வைக்கலாம். கறுப்பாகிவிட்டால் உடனே வீடுகளில் இருந்து போன் வர ஆரம்பிக்கும். "ஏனுங்க, படத்தக் காணோமுங்க, என்னுங்க பண்றீங்க அங்க?" எனக்கு அந்தப் போன்கள் பிடிக்காது. நாய் சாரின் சேனல் மறுபடி இருண்டுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கடைசிப் படத்தைப் பிடித்து நிறுத்தும்படி வைத்தேன். அடிக்கடி ஓரிரு நொடி அறுந்து அறுந்து வரும் கம்பி அது. அந்த இடைவெளிகள் இப்போது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பார்க்க நொம்ப நறுவிசாக இருந்தது.

இரண்டாவது முடிவு ஒரு துணியைப் பற்றியது. செம்மநத்தத்துக்காரர் கேமராவை மாட்டும்போது அதற்கு முன்னால் ஒரு கம்பியை நீட்டி, அதில் ஒரு சாண் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டிருந்தார். படத்தின் மூலையில் எப்போதும் அது பறந்துகொண்டே இருந்தது. வேலையை முடித்துவிட்டு மலைமேல் திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"அது என்னங்க அந்தத் துணி? இது சேனலா, வேண்டுதல் மரமா?"

"பனி வந்தா ஒரே வெள்ளையாத் தெரியுமுங்க சார். படம் ஓடுதா, நின்னு போச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? துணி ஆடுனா படம் உசுரோட இருக்குதுன்னு அர்த்தமுங்க."

"அதெல்லாம் மெஷின் பாத்துக்கும். கழட்டிடுங்க. பாக்கறதுக்கு அசிங்கமா இருக்குது."

"சரிங்க சார், நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு மறுநாளே கழற்றிவிட்டார். அவர் சொன்னதில் இருந்த அறிவு எனக்கு அப்போது தெரியாமல் இல்லை, தெரிந்தது. எட்டாவது படித்தவர் சொல்லி நான் கேட்பதா என்பதுதான் என் பிரச்சினை.

இரண்டு வருடம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஓர் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை.

முந்தின நாளில் இருந்தே மழை. ஆறு மணிக்கு நான் தனியாகத்தான் வேலைக்கு வந்தேன். பேனலில் 'வளைவு' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தி, படத்தை ரோட்டு சேனலுக்கு அனுப்பினேன். வெள்ளையாக இருந்தது. ரோட்டோரத்துத் தடுப்புக் கற்களில் இரண்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மழைக்காலத்தில் எங்களுக்கு அதுதான் படம். அதற்குப் பிறகு இன்னொரு சேனலில் பக்திப் பாட்டுகள் வரிசை தவறி ஓடிக்கொண்டிருந்ததைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். நடுநடுவே ரோட்டு சேனலைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளை, இரண்டு கற்கள். சரியாக இருக்கிறது என்று திரும்பிக்கொண்டேன்.

ஏழேகால் மணி வாக்கில் போன் வந்தது. முதல் பஸ்ஸின் கண்டக்டர், சிக்னல் கிடைக்கிற இடமாகத் தேடி நடந்துபோய்க் கூப்பிட்டிருந்தார்.

"சார், உங்க கேமரா இருக்கற வளைவுலதான் நிக்கறேன். மரத்தோட மண்ணு சரிஞ்சு கெடக்குது, பாறையெல்லாம் உருண்டு வந்திருக்குது. பைக்கு போறதுக்குக்கூட வழியில்லீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சாட்ட இருக்குது. நீங்க என்னத்தத்தான் காட்டிட்டிருக்கீங்க?"

திரையைப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே இரண்டு கற்கள். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஏற்காட்டுப் பனி ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நிற்காது. நகரும், விலகும், மறுபடி மூடும். இந்தப் பனி நகரவே இல்லை. கேமராக் கம்பி நேராக வந்து சேரும் இடத்தைச் சோதித்தேன். ஒன்றுமே வரவில்லை. விழுந்த மரம் எங்கள் கம்பியை அறுத்துக்கொண்டுதான் விழுந்திருக்கிறது. மரம் விழுவதற்கு முந்தின நொடியில் ரோடு எப்படி இருந்ததோ அந்தப் படத்தைத்தான் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மலை முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அந்தப் படத்தில் ஒரு வண்டிகூடப் போகவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை.

கறுப்பாகும்படி வைத்திருந்தால் திரை ஆறு மணிக்கே இருண்டிருக்கும். நாலு பேர் போன் செய்து என்னைத் திட்டியிருப்பார்கள். யாரும் அந்தப் பாதையில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தை எடுத்துவிட்டு எழுத்து அறிவிப்பு போட வேண்டும். அது சரி. கீபோர்டை இழுத்து, 'கடந்த ஒரு மணி நேரமாக நாங்கள் காட்டியது பழைய படம்' என்று அடித்தேன். உண்மையாகவே அடித்தேன். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேக்கரி ஞாபகம் வந்தது, பஸ்ஸில் எல்லோரும் சிரித்தது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை என்ன பெயர் வைப்பார்களோ என்று நினைத்தேன். அந்த வரியை அழித்தேன். 'கடும் பனிமூட்டத்தால் மலைப்பாதை தெளிவாகத் தெரியவில்லை. சேலம் சாலையில் மண்சரிவு. குப்பனூர் வழியாகச் செல்லவும்' என்று போட்டேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பனி இருந்தது, மண்சரிவும் இருந்தது. முழுக்க முழுக்க உண்மையான வார்த்தைகளை வைத்து ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். ஏற்காட்டில் பனியின் மேல் பழி போட்டால் எவரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

மறுநாள் மதியம் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். கிளியூர்க்காரர், எஸ்டேட்டில் வேலை. செம்மநத்தத்துக்காரர் அப்போதுதான் அறுந்த கம்பியை ஒட்டிவிட்டு நனைந்துபோய் வந்து என் அறையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரோட்டு சேனல் பாத்துக்கறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. உள்ள வாங்க."

அவர் உள்ளே வரவில்லை. நின்றபடியே சொன்னார். அவருடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் அரசு வேலைக்கான தேர்வு. இரண்டு வருடமாக அதற்கென்றே படித்தவள். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மழையாக இருக்கிறது, குப்பனூர் வழியாகவே போய்விடலாம் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். இவர் ஆறரை மணிக்கு ரோட்டு சேனலைப் போட்டுப் பார்த்துவிட்டு, பனிதான், தடுப்புக் கற்கள் தெரிகின்றன, ரோடு நன்றாக இருக்கிறது, நேராகவே இறங்கிவிடலாம் என்று மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வளைவில் போய் நின்றுவிட்டார்கள். வழி விடுவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, விடாததால் திரும்ப மேலேறி, குப்பனூரைச் சுற்றிக்கொண்டு மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். விடவில்லை.

"சண்ட போட வரலைங்க," என்றார். "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க எனக்கு. நான் ஆறரைக்குப் பாத்தனுங்களே, அப்ப மரம் விழுந்திருந்துச்சுங்களா, இல்லீங்களா? ஊட்டுல நான் சரியாப் பாக்கலைங்கறாங்க. கண்ணு தெரியாத மனுசங்கறாங்க. எனக்கு ரோடு நல்லாத் தெரிஞ்சாப்புலதானுங்க இருந்துச்சு."

அவர் கேட்டது அவ்வளவுதான். எனக்குப் பதில் தெரியும். 'விழுந்துவிட்டது. நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள். நாங்கள் காட்டியதுதான் தப்பு.' மூன்றே வாக்கியம்.

"பனிங்க," என்றேன். "அன்னைக்குப் பனியில எங்களுக்கே ஒண்ணும் தெரியலைங்க. உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டார். "அதுஞ் சரிதானுங்க. பனிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. நாந்தான் சரியாப் பாக்கலையாட்டங்க. வரனுங்க" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்மேல் ஒரு பழியையும் வைக்காமல், எல்லாவற்றையும் தன் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம்.

செம்மநத்தத்துக்காரர் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கம்பி அறுந்து போச்சுன்னு சொல்றதுல என்னங்க சார் கேவலம்?"

நான் பேனல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மரம் விழுந்து கம்பி அறுந்துச்சு. அதுல உங்க தப்பு என்ன இருக்குது? ஊருக்குள்ள ரெண்டு நாளைக்குச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க. அந்த மனுசன் ஊட்டுல போயி இன்னைக்கு என்ன பேச்சு வாங்குவாரோ. கிளியூரு எட்டற தூரமுங்க சார். ஒரெட்டுப் போயிச் சொல்லிட்டு வந்துருங்க."

"பாக்கலாம்," என்றேன்.

அந்த வாரமே கருவியின் அமைப்பை மாற்றினேன். படம் வராவிட்டால் திரை கறுப்பாகட்டும் என்று வைத்தேன். துணியை மறுபடி கட்டிவிடச் சொன்னேன். அவர் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தார். பேனலை ஒழுங்குபடுத்தியதோடு என் கடமை முடிந்துவிட்டதாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இனிமேல் இப்படி நடக்காது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். கருவியைச் சரிசெய்வது சுலபம், யாரும் பார்க்காத நேரத்தில் நாமே செய்துவிடலாம். அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் எப்போதும் அதையே முதலில் செய்கிறோம்.

கிளியூருக்கு நான் போகவில்லை. முதல் வாரம் மழை. அடுத்த மாதம் வேலை. அதற்கப்புறம், இவ்வளவு நாள் கழித்துப் போய் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். நாள் ஆக ஆக அந்தக் கூச்சம் பெரிதாகிக்கொண்டே போனது. செம்மநத்தத்துக்காரர் இன்னொரு தடவை கேட்டார், பொங்கலுக்கு முன்னால். அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னுடன் வேலை செய்வதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு என் மேசையில் வந்து உட்காருவார். அது நின்றுவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கறுப்புத் திரைக்குப் பயப்படாதீர்கள். திரை இருண்டால் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். சரியாக இருப்பது போலத் தெரியும் பழைய படத்துக்குத்தான் பயப்பட வேண்டும். இது பேனலைப் பற்றிய பாடம். இன்னொன்று, தவறு நடந்த நிமிடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குச் சொன்னாலும் அதே உண்மைதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த மண்சரிவுக்கு எட்டு வருடம் கழித்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை எதையாவது சாக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தபோது அந்தக் குடைக்காரரின் முகம் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் கிளம்பிவிட்டேன். கிளியூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பறை வேலையாம், அன்று விடுமுறை. அந்த மகள்தான்.

"அப்பாவப் பாக்கணும்மா," என்றேன்.

"அப்பா தவறிப் பத்து மாசமாச்சுங்களே சார். நீங்க யாருங்க?"

திரும்பிப் போயிருக்கலாம். போயிருக்க வேண்டுமோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் இந்தத் தடவையும் போகக் கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மரம், கம்பி, நின்றுபோன படம், நான் அழித்த வரி, அவர் வந்து கேட்டது, நான் சொன்ன பதில். அவள் நின்றபடியே கேட்டாள். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"அதுக்கப்பறம் ரெண்டு தடவ எழுதினேங்க சார். மயிரிழையில போயிருச்சு," என்றாள். "அன்னைக்கு எழுதியிருந்தாலும் கெடச்சிருக்குமான்னு தெரியாது. அத நான் அப்பவே உட்டுட்டேன். அப்பாதான் உடல. அன்னைக்கு அப்புறம் அந்த ரோட்டுல அப்பா போனதே இல்லீங்க. வெயில் காலத்துலகூடக் குப்பனூரு வழியாத்தான் போவாரு. கண்ணாஸ்பத்திரிக்குப் போயிக் காட்டினாரு. கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. அப்படியும் கேக்காம, சந்தையில ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டாரு. சாகற வரைக்கும் அதப் போட்டுட்டிருந்தாருங்க."

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்தது. அவள் அம்மா வெளியே வந்தார். நான் சொன்னதை எல்லாம் உள்ளே நின்று கேட்டிருக்கிறார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அவரு பாத்தது சரிதானுங்களா?"

"சரிதாங்கம்மா. அவரு நல்லாத்தான் பாத்தாரு. நாங்க காட்டினதுதான் தப்பு."

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுங்களா அவருக்கு?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்கம்மா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "எட்டு வருசமுங்க," என்றார். "பொட்டக் கண்ணு மனுசன்னு நான் பேசாத நாளில்லீங்க. சோத்துல கல்லு கெடந்தா, அதுக்கும் அந்தப் பேச்சுத்தான். புள்ளையோட வாழ்க்கையக் கெடுத்தயேன்னு ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட ஒரு வார்த்த சொல்லிட்டனுங்க. மறுபேச்சுப் பேசாம மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அந்த மனுசன நான் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பனுங்களா?"

நான் அவர் காலில் விழுந்திருந்தாலும் அதற்குப் பதிலாகியிருக்காது. என் மனதில் இருந்ததை இறக்கி வைக்கத்தான் போயிருந்தேன். இறக்கி வைத்துவிட்டேன், அந்த அம்மாவின் மேல். அதற்கு முன் அவர் கணவனை இழந்தவராக மட்டும் இருந்தார்.

மகள் என்னை பஸ் நிற்கும் இடம்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் சத்தம் கேட்டபோதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மனசு வந்து சொன்னீங்க சார், அது நல்லதுதானுங்க. ஆனா இனிமே எங்க ஊட்டுக்கு வராதீங்க. எங்கம்மாவ இனி நாந்தானுங்க தேத்தோணும்."

சரி என்றேன். பஸ் வந்து நின்றது, ஏறிக்கொண்டேன்.